கழுத்து டிஸ்க் வலி: போனது போல் போய்த் திரும்ப வருவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்து வலிக்காக பிசியோதெரபிக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் முறை வருபவர்களாக இருப்பதில்லை. போன வருஷமும் வந்தது, மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது, இப்போது மறுபடியும் பிடித்துக்கொண்டது என்பார்கள். கையில் ஸ்கேன் கவர் இருக்கும். அதில் சி5-சி6 டிஸ்க் பல்ஜ் என்றோ, சி6-சி7 என்றோ எழுதியிருக்கும். சி5-சி6 என்றால் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க், அதாவது ஜவ்வு. அப்படி வருபவர்கள் என்னிடம் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து, ஊசி, அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லும் இடங்களில் பொதுவான விவரம் மட்டுமே தருகிறேன். உங்களுக்கு எது என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஜவ்வு விலகிவிட்டது என்கிறார்கள். உண்மையில் எது விலகுகிறது?

கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. முதல் இரண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே, முதுகின் முதல் எலும்பு வரைக்கும் கணக்கிட்டால் 6 டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நீர்ச்சத்து நிறைந்த மெத்தென்ற பகுதி இருக்கும். அதைச் சுற்றிலும் நார் அடுக்குகளால் ஆன கெட்டியான வளையம். வளையம் தளர்ந்து ஓரம் பிதுங்கினால் பல்ஜ் என்று எழுதுவார்கள். வளையத்தில் விரிசல் விட்டு உள்ளிருப்பது வெளியே தள்ளினால் ப்ரோலாப்ஸ் அல்லது ஹெர்னியேஷன். முழு டிஸ்க்கும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்துபோவதில்லை. ஆகவே விலகிய ஜவ்வைத் தட்டி உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

பகல் முழுக்க தலையின் எடை, ஏறத்தாழ 5 கிலோ, இந்த டிஸ்க்குகளின் மேல் இறங்குகிறது. அப்போது கொஞ்சம் நீரை இழக்கும். இரவில் நாம் படுத்ததும், கையில் பிடித்து அமுக்கிய பஞ்சைத் தண்ணீரில் விட்டது போல, இழந்ததை உறிஞ்சிக்கொள்ளும். பெரியவர்களின் டிஸ்க்குக்கு உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து மெல்லக் கசிந்து வருவதே அதற்கு உணவு. டிஸ்க் சம்பந்தப்பட்ட எதுவும் மெதுவாகவே ஆறுவதற்கு இது ஒரு காரணம்.

ஸ்கேனில் மூன்று இடத்தில் பல்ஜ் என்று வந்திருக்கிறது. கழுத்து கெட்டுப்போய்விட்டதா?

இதைக் கேட்கும்போது பலர் குரலே நடுங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் கழுத்துக் கோளாறு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்த இளைஞர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல் பல்ஜ். வலியே இல்லாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றங்களையும் ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றுவிடாமல் எழுதும். எழுத வேண்டியது அவர்கள் கடமை. அதில் எது உங்கள் வலிக்குக் காரணம் என்பதை ரிப்போர்ட் சொல்லாது. வலி இறங்கும் வழி, மரத்துப்போகும் விரல், பலம் குறைந்த தசை இவை எல்லாம் படத்தில் தெரியும் நரம்போடு ஒத்துப்போகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பல்ஜ் வெறுமனே அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பி ‘ஆபரேஷன் வேண்டுமா?’ என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லாததும் இதனால்தான்.

ஒவ்வொரு முறை வலி வரும்போதும் டிஸ்க் புதிதாகக் கிழிகிறதா? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பெரும்பாலும் புதிதாக எதுவும் கிழிவதில்லை. ஏற்கெனவே எரிச்சல்பட்ட டிஸ்க்கையும், பக்கத்து மூட்டுகளையும், நரம்பையும் மறுபடி சீண்டிவிடுகிறோம். சுற்றியுள்ள தசைகள் இறுகிக் கழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

திரும்ப வருவது அரிதும் இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு அழுத்தம் கண்டறியப்பட்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலி மறுபடி வந்தது. அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் அறிகுறியே இல்லாமலோ, லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்தான்.

நான் பார்க்கும் முதல் காரணம் தசை. வலி வந்ததும் கழுத்தின் முன்பக்கம், ஆழத்தில் இருக்கும் சிறிய தசைகள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. வலி போன பிறகு அவை தாமாகப் பழைய பலத்துக்கு வருவதில்லை. நாமோ வலி போன மறுநாளே பழைய வேலைக்குப் போய்விடுகிறோம். பயிற்சியையும் அன்றோடு நிறுத்திவிடுகிறோம். பலமில்லாத கழுத்து, அதே பழைய பாரம். அடுத்த முறை திரும்பிப் படுக்கும்போதோ, ஒரு நீண்ட பஸ் பயணத்திலோ பிடித்துக்கொள்ளும். வலி இல்லாத மாதங்களில் செய்வதுதான் இந்த நோய்க்கான சிகிச்சையின் பெரிய பங்கு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அப்புறம் தூக்கமின்மை, மன அழுத்தம், புகைபிடித்தல். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். டிஸ்க் தேய்வதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்தால், நான் என்ன தப்பு செய்தேன் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

வலி கைக்கு இறங்குகிறது. எந்த விரல் என்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. கழுத்து நரம்புகளை மேலிருந்து கீழாக சி1 முதல் சி8 வரை எண்ணிட்டு அழைப்பார்கள். கைக்கு வரும் ஒவ்வொரு நரம்பும் ஏறக்குறைய தனித்தனிப் பகுதிக்குப் போகிறது. சி6 நரம்பு அழுத்தப்பட்டால் கட்டைவிரல் பக்கம் விறுவிறுக்கும், முழங்கையை மடக்கும் பலம் குறையலாம். சி7 என்றால் நடுவிரல், முழங்கையை நீட்டித் தள்ளும் பலம். சி8 என்றால் சுண்டுவிரல் பக்கமும் பிடிமானமும். அதிகம் மாட்டிக்கொள்வது சி7, அடுத்தது சி6. தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தில் ஓரிடத்தில் குடைந்துகொண்டே இருப்பதும் கழுத்து நரம்பிலிருந்து வருவதாக இருக்கலாம். பலர் அதை வாயு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கஷாயம் குடிக்கிறார்கள்.

கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் கைவலி குறைகிறதா? அது கழுத்து நரம்பு என்பதற்கு ஒரு நல்ல அடையாளம். இரவில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் பிரச்சினை மணிக்கட்டில் இருக்கலாம், கார்ப்பல் டனல் என்பார்கள். கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்றால் தோள்மூட்டு இறுகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அடிக்கடி வரும். இந்த மூன்றையும் கழுத்துத் தேய்மானம் என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இடது கை, தாடை, கழுத்து வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் கழுத்து என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

டிஸ்க் பக்கவாட்டில் நரம்பை அழுத்துவது ஒன்று. நடுவில் தண்டுவடத்தையே அழுத்துவது வேறு. இரண்டாவதில் வலி அதிகம் இல்லாமலே போகலாம். அதனால்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, சோறு பிசைந்து எடுக்கும்போது நழுவுகிறது, செருப்பு காலிலிருந்து கழன்றுபோவது தெரியவில்லை, நடை தள்ளாடுகிறது, இருட்டில் பிடிமானமில்லாமல் இருக்கிறது, கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக ஷாக் அடித்தது போல் ஓடுகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை அல்லது வரவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரையோ முதுகெலும்பு நிபுணரையோ தள்ளிப்போடாமல் பாருங்கள். சிறுநீர்ப் பிரச்சினை புதிதாக வந்தாலோ, கை கால் பலம் வேகமாகக் குறைந்தாலோ அன்றைக்கே.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. 10 வினாடியில் கையை முழுதாக மூடி முழுதாக விரிக்க வேண்டும். 20 தடவை முடிவது சாதாரணம். மிகவும் குறைந்தால், அல்லது சுண்டுவிரல் விரிய மறுத்தால் காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இது சரியாக வந்துவிட்டது என்பதற்காக மேலே சொன்ன அறிகுறிகளை ஒதுக்க வேண்டாம். இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், தண்டுவட அழுத்தம் என்று கண்டுபிடிக்கவே சராசரியாக 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. தண்டுவடம் நாள்பட அழுந்தினால், பின்னால் அழுத்தத்தை எடுத்தாலும் போனது முழுதாகத் திரும்பாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் ஆகியோரும் உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பு காசநோய் இன்னும் இருக்கிறது. அது கழுத்திலும் வரும், மருந்தால் குணமாகும்.

வலி பிடித்த முதல் சில நாள்கள் என்ன செய்வது?

முழு ஓய்வு வேண்டாம். ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு, வலி பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல இருபக்கமும் திருப்பிக்கொண்டே இருங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுத்தால் பிடிப்பு தளரும். சிலருக்கு ஐஸ் ஒத்தடம் சுகமாக இருக்கும், அதுவும் தப்பில்லை. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைவலி அதிகமாக இருந்தால், உட்காரும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். தொங்கும் கையின் பாரம் நரம்பை இழுக்கும்.

நடக்கலாம். நடப்பதால் டிஸ்க் கெடாது.

கழுத்து பெல்ட் போடலாமா?

கைக்கு நரம்பு வலி கடுமையாக இறங்கும் முதல் வாரங்களில் கொஞ்ச நாள் போடுவதில் பலன் உண்டு. நெதர்லாந்தில் 205 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், 3 வாரம் பெல்ட் போட்டு அடுத்த 3 வாரத்தில் படிப்படியாகக் கழற்றியவர்களுக்கும், 6 வாரம் பிசியோதெரபி செய்தவர்களுக்கும், சும்மா இருந்தவர்களைவிட வலி சீக்கிரம் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவினரிலும் பெரும்பாலோருக்கு வலி இல்லை, அல்லது கொஞ்சமே இருந்தது.

வருஷக்கணக்கில் பெல்ட்டோடே வாழ்பவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. தசைகள் வேலையில்லாமல் மெலிந்துபோகும். பிறகு பெல்ட் இல்லாமல் தலையைத் தாங்கவே பயம் வரும். வெறும் கழுத்துப் பிடிப்புக்கு பெல்ட் வேண்டாம். வண்டி ஓட்டும்போது கண்டிப்பாக வேண்டாம், தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் போகிறதே?

போகும். வலி வரும்போதெல்லாம் சீட்டில்லாமல் வாங்குவதில்தான் ஆபத்து. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் தொடும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் உள்ள ஒருவர் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கழுத்தைக் காப்பாற்றி சிறுநீரகத்தை இழக்க நேரும். கடையில் கலந்து பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். கேட்காமல் வாங்காதீர்கள். நரம்பு வலிக்கு மருத்துவர்கள் ப்ரீகாபலின், காபாபென்டின் தருவார்கள். தூக்கமும் கிறுகிறுப்பும் வரலாம். அவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். கை கால் இரண்டும் எரிந்து மரத்துப்போகிறது என்றால் பி12 சத்தும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லா விறுவிறுப்பும் கழுத்திலிருந்து வருவதில்லை.

கரண்ட் வைப்பது, கழுத்தை இழுத்துவிடும் ட்ராக்‌ஷன், இவை குணமாக்குமா?

கரண்ட் சிகிச்சையும் மெழுகு ஒத்தடமும் அந்தந்த நேரத்துக்கு வலியைத் தணிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ட்ராக்‌ஷன் கைவலி உள்ள சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை. இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும். தண்டுவட அழுத்தம் இருந்தால் செய்யக் கூடாது. பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பிவிட்டு ஒரு பயிற்சிகூடக் கற்றுத் தராத இடத்தில் நீங்கள் கட்டும் பணம் வீண். என் தொழில்தான் இது, இருந்தாலும் சொல்கிறேன்.

என்னென்ன பயிற்சி? எத்தனை நாள்?

கடும் வலி தணிந்த பிறகு தொடங்குங்கள். பயிற்சியின்போது கழுத்தில் லேசான வலி இருக்கலாம். கைக்கு இறங்கும் வலியோ மரப்போ கூடினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தண்டுவட அறிகுறி உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

முதலில் தாடையை உள்ளே இழுப்பது. மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, ‘ஆமாம்’ என்று மெல்லத் தலையாட்டுவது போலத் தாடையைத் தொண்டைப் பக்கம் கொண்டுவாருங்கள். தலையைத் தூக்க வேண்டாம். 5 முதல் 10 வினாடி நிறுத்தி விடுங்கள். பத்து தடவை. பார்க்க ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். ஆழத்துத் தசைகள் வேலை செய்வது இதில்தான். தொண்டைக்கு முன்னால் இரண்டு பக்கமும் கயிறு போல் புடைத்து நின்றால் பலத்தைக் கூடுதலாகப் போடுகிறீர்கள், குறையுங்கள்.

அடுத்தது உள்ளங்கையால் தடுப்பது. நெற்றியில் கை வைத்து, தலை முன்னே வராதபடி கையால் தடுத்து, தலையால் மெல்ல அழுத்துங்கள். இதே போல் பின்தலை, வலப்பக்கம், இடப்பக்கம். ஒவ்வொன்றும் 5 வினாடி. முழுப் பலமும் வேண்டாம், பாதிப் பலம் போதும்.

மூன்றாவது தோள்பட்டை. கழுத்து வலிக்குத் தோளா என்று கேட்பார்கள். கையின் பாரத்தைத் தாங்கும் தசைகள் கழுத்திலிருந்துதான் தொங்குகின்றன. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையை மடக்கி இரண்டு கையாலும் பின்னால் இழுங்கள். முதுகின் இரண்டு தட்டெலும்புகளும் நெருங்க வேண்டும். பட்டை இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். கொஞ்சம் முன்னால் குனிந்து அதே இழுப்பைச் செய்யலாம். பத்துப் பத்தாக இரண்டு முறை, வாரத்தில் மூன்று நாள்.

கழுத்தைச் சாய்த்து நீட்டும் பயிற்சிகள் சுகமாக இருக்கும், செய்யுங்கள். அவை மட்டும் போதாது. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 பெண் அலுவலகப் பணியாளர்களை ஓராண்டு பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி செய்தவர்களுக்கு, நீட்டலும் நடையும் மட்டும் செய்தவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. அங்கே பார்த்தது சாதாரணக் கழுத்து வலியை. நரம்பு அழுத்தம் தணிந்த பிறகு அதே வழியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம்.

எத்தனை நாள் என்றால், பலன் தெரிய 6 முதல் 8 வாரம். நிறுத்துவது எப்போது என்றால், நிறுத்தாதீர்கள். வாரம் இரண்டு மூன்று நாள், பத்து நிமிடம். பல் தேய்ப்பதற்கு யாரும் முடிவுநாள் கேட்பதில்லையே.

சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது, சுளுக்கு எடுப்பது சரியா?

நெட்டி முறிப்பதை நிறுத்துங்கள். கழுத்து எலும்புகளுக்குள்ளே ஓட்டை வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு ஏறுகின்றன. திடீரென்று திருகும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்து முடி அலசிக்கொண்ட பின் பக்கவாதம் வந்ததைப் பற்றி 1993-இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான். ஆனால் முடிவெட்டப் போன இடத்தில் அந்த அரிதுக்கு ஏன் ஆளாக வேண்டும்? முடிவெட்டுபவரிடம் முன்கூட்டியே ‘கழுத்தைத் தொடாதீர்கள், தலையில் மட்டும் போதும்’ என்று சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவது வேறு. தோளிலும் கழுத்தின் பின்தசையிலும் மென்மையாகச் செய்தால் பிடிப்பு தளரும், மனசுக்கும் இதமாக இருக்கும். வெடுக்கென்று இழுப்பதும் திருகுவதும்தான் கூடாது.

தலைசுற்றல் வருகிறது. கழுத்துத் தேய்மானத்தால்தானே?

பெரும்பாலும் இல்லை. படுக்கையில் புரளும்போதும், மேலே பரணைப் பார்க்கும்போதும் அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் முறையால் ஒரே நாளில்கூடச் சரியாகும். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது என்பதற்காக வருஷக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுபவர்கள் நம் ஊரில் நிறைய. காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒரு முறை பாருங்கள். எழுந்து நிற்கும்போது மட்டும் சுற்றினால் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலமின்மை இருந்தால் அது அவசரம்.

தலையணை வைக்கலாமா?

வைக்கலாம். தலையணையே ஆகாது என்று எல்லோருக்கும் ஒரே போல் சொல்வது தவறு. மல்லாந்து படுத்தால் மெல்லியது, ஒருக்களித்துப் படுத்தால் தோளின் உயரத்துக்கு இடைவெளியை நிரப்பும் அளவு. இலவம்பஞ்சுத் தலையணை நன்றாகவே இருக்கும், கட்டிதட்டிப்போனால் மாற்றிவிடுங்கள். குப்புறப் படுப்பதைத் தவிருங்கள், ராத்திரி முழுக்கக் கழுத்து ஒரு பக்கம் திருகியே இருக்கும். விலை உயர்ந்த மருத்துவத் தலையணை கட்டாயமில்லை.

வேலையை விட முடியாது. கம்ப்யூட்டர், தையல், சமையல், போன், எதை எப்படி மாற்றுவது?

சரியான உட்காரும் முறை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே தொல்லை. அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள், ஒரு நிமிடம் போதும். மடிக்கணினியை நான்கு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றி, தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டால் திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும். மெத்தையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை விடுங்கள்.

குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று சுற்றும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 2014-இல் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. போன் பார்ப்பதால் மட்டும் டிஸ்க் கெடும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே வலி உள்ளவருக்கு ஒரு மணி நேரம் குனிந்தே பார்த்தால் வலி கூடும், அது உண்மை. போனை உயர்த்திப் பிடியுங்கள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசாதீர்கள்.

திருப்பூரில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்கள், நகைப் பட்டறையில் இருப்பவர்கள், பல் மருத்துவர்கள் இவர்களுக்கெல்லாம் கழுத்தை நிமிர்த்தி வை என்று சொல்வதில் பொருளில்லை. வேலையே குனிந்துதான். நாற்காலியைத் தாழ்த்துவது அல்லது மேஜையை உயர்த்துவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, கண்ணாடி பவர் சரிபார்ப்பது, இவை உதவும். கண் தெரியாததால் குனிபவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வீட்டில் அரிவாள்மனையில் குனிந்து நறுக்குவதை மேடைக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தலையிலும் இடுப்பிலும் சுமப்பதற்குப் பதில் பாதிப் பாதியாக இரண்டு கையிலும் தூக்குங்கள். இந்த மாற்றத்துக்கு வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும். அம்மாவுக்குக் கழுத்து வலி என்றால் குடத்தைத் தூக்க வேண்டியது மகனும்தான்.

டூவீலர் ஓட்டலாமா?

கடும் வலியின்போதும், தலையைத் திருப்ப முடியாதபோதும், கைப்பிடி நழுவும்போதும் வேண்டாம். மற்றபடி ஓட்டலாம். ஹெல்மெட் கழுத்தைக் கெடுக்கிறது என்று கழற்றிவைக்காதீர்கள், அளவு சரியான, எடை குறைந்த ஒன்றாக மாற்றுங்கள்.

யோகா?

நல்லது. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் விட்டுவிடுங்கள், இவற்றில் உடலின் பாரம் கழுத்தில் இறங்குகிறது. தலையை முழுவட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம்.

அறுவை சிகிச்சை எப்போது தேவை? செய்தால் வலி திரும்பவே வராதா?

தண்டுவட அழுத்தம் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால், கையின் பலம் குறைந்துகொண்டே போனால், சரியாகச் சிகிச்சை எடுத்தும் பல வாரங்களுக்குப் பிறகும் தாங்க முடியாத கைவலி நீடித்தால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். வெறும் கழுத்து வலிக்கு மட்டும் செய்வதில் பலன் குறைவு. வழக்கமான முறையில் கழுத்தின் முன்பக்கம் சிறியதாக வெட்டி, டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் இணைப்பார்கள். 1950-களிலிருந்து எழுதப்பட்டு வரும் முறை. சிலருக்குச் செயற்கை டிஸ்க் வைக்கலாம். முதல் சில வாரம் விழுங்கச் சிரமமும் குரல் கம்முவதும் வரக்கூடும்.

சுவீடனில் கைக்கு இறங்கும் வலி நாள்பட்ட 81 பேரை அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, பெல்ட் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1997-இல் வெளியான அந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு முதலில் வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அவசர அறிகுறி இல்லாதவர் அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இது ஆதாரம், தண்டுவட அழுத்தம் உள்ளவருக்கு இது பொருந்தாது. இணைத்த எலும்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள டிஸ்க்குகள் பின்னால் தொந்தரவு தருவதும் உண்டு, ஆண்டுக்கு 100 பேரில் 3 பேருக்கு அருகில் என்று ஒரு நீண்டகால ஆய்வு கணக்கிட்டது. ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பயிற்சி உண்டு.

பெரிதாக வெளியே தள்ளிய டிஸ்க் துண்டு பல மாதங்களில் உடலாலேயே கரைக்கப்பட்டுச் சுருங்குவதும் நடக்கிறது. கைவலி பெரும்பாலோருக்கு 4 முதல் 6 மாதத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது.

யாரிடம் போவது? செலவு பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவர் அல்லது எலும்பு மருத்துவர். பலம் குறைவோ தண்டுவட அறிகுறியோ இருந்தால் நேராக நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று கேட்டுவிடுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம்.

போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கூட. எந்த விரல் மரக்கிறது, எப்போது தொடங்கியது, எந்த நிலையில் குறைகிறது என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.